உழைப்பு மனைவியுடையது... சம்பளம் கணவருடையது!

'சம்பளம் கிரெடிட் ஆகிடுச்சு'னு போன்ல மெசேஜ் வருதா? அது உங்க பணம். எடுக்க யார்கிட்டயும் பர்மிஷன் கேட்க வேண்டாம். ஆனா, விக்டோரியா மகாராணி ஆண்ட இங்கிலாந்தில், கல்யாணமான பெண் சம்பாதித்த பணம் சட்டப்படி கணவருக்கே சொந்தம். பெற்ற பிள்ளைகளும் அப்படித்தான். நாட்டை ஆண்டது ஒரு பெண் என்பதுதான் இதில் விசித்திரம்!

இதை எதிர்த்து எழுதியவர், எழுத்தாளர் கரோலின் நார்ட்டன். அடித்துத் துன்புறுத்திய கணவரைவிட்டு 1836-ல் பிரிந்தார். மூன்று மகன்களையும் கணவர் அவரிடமிருந்து பிரித்தார். கரோலின் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் உரிமை கொண்டாடினார்.

கரோலின் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. துண்டுப் பிரசுரங்கள் எழுதி, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நியாயம் கேட்டார். 1839-ல் சட்டம் வந்தது. பிரிந்து வாழும் தாய், 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா, அவருடைய மகன்கள் இருந்தது ஸ்காட்லாந்தில். அங்கே அந்தச் சட்டம் செல்லாது. தான் போராடி வாங்கியது தனக்கே உதவவில்லை!

அப்பவும் அவர் விடலை. 1855-ல் மகாராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரோடு இன்னும் பல பெண்களும் குரல் கொடுக்க, 1870-ல் மனைவியின் சம்பளம் மனைவிக்கே என்றானது. முழுச் சொத்துரிமை கிடைத்தது 1882-ல். அதைப் பார்க்க கரோலின் இல்லை, 1877-லேயே இறந்துவிட்டார்.

அடுத்த மாசம் அந்த மெசேஜ் வரும்போது, அவரையும் ஒரு நொடி நினைச்சுக்கோங்க மக்களே!