விரல் நுனியில் ஊசி குத்தினால் பக்கவாதம் போகாது

வாய் ஒரு பக்கம் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினால் அடுத்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் சில வீடுகளில் முதலில் தேடுவது ஊசியைத்தான். 'பத்து விரல் நுனியிலும் குத்தி ரத்தம் வரவழையுங்கள், காது மடலை இழுத்துச் சிவக்கவைத்துக் குத்துங்கள், அதுவரை ஆளை அசைக்காதீர்கள்' என்று ஒரு சீனப் பேராசிரியரின் பெயரைச் சொல்லி, மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றிவரும் செய்தி அது. அதில் ஆளைக் கொல்லும் வரி அந்தக் கடைசி வரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

அனுப்பியவர் வேறு, எழுதியவர் வேறு

இதை நம்புகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன். குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிறார். பெரியப்பா நம் கெடுதலை நினைப்பவர் அல்லர். அந்த நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் அவர் எழுதியதல்லவே அது! அவருக்கும் யாரோ அனுப்பியது. அதே செய்தி மூன்று குரூப்பில் வந்தால் மூன்று பேர் சாட்சி சொன்னதுபோல மனம் எடுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டதை உண்மை என்று எண்ணும் இந்த இயல்பை 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ட்விட்டரில் பொய்ச் செய்தி உண்மையைவிட வேகமாகவும் தொலைவாகவும் பரவுவதை 2018-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமை வாட்ஸ்அப் வதந்திகள் உலுக்கின. பெற்றோர் தயங்கியதால் முகாமின் நாளை நீட்டிக்க வேண்டிவந்தது.

'செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?'

நேரம்தான் நஷ்டம். அது போனால் திரும்பாது. அடைப்பு மூளையில் இருக்கும்போது விரலில் நாலு சொட்டு ரத்தம் வந்து என்ன ஆகப்போகிறது? புறா ரத்தம் தடவுவதும் அப்படித்தான். தண்ணீரோ கஷாயமோ புகட்டுவது அதைவிட மோசம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 'ஆஸ்பிரின் கொடுங்கள்' என்று வரும் செய்தியையும் தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக்கசிவாலும் வரும். கசிவில் ஆஸ்பிரின் நிலைமையைக் கெடுக்கும். எது என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

'பக்கத்து வீட்டில் குத்தினார்கள், சரியாகிவிட்டதே' என்பார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். தற்காலிக அடைப்பு தானாகவே விலகி, பேச்சும் கையும் சில நிமிடங்களில் திரும்புவதுண்டு. குத்தாவிட்டாலும் திரும்பியிருக்கும். அது பெரிய தாக்குதலுக்கு முந்தைய எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாட்கள் மிக ஆபத்தானவை. ஊசிக்கு நன்றி சொல்லிவிட்டு அவரைப் படுக்கவைத்துவிட்டால், வந்த எச்சரிக்கை வீணாகிறது.

'டாக்டர்களை எப்படி நம்புவது?'

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பில்லைப் பார்த்துப் பயந்தவர்களும், இரண்டு நிமிடத்தில் பேசி அனுப்பப்பட்டவர்களும் வீடியோவில் நிதானமாகப் பேசுகிறவரிடம் போகத்தான் செய்வார்கள். அந்தத் தவறு எங்கள் தொழிலுடையது. ஆனால் அந்த வீடியோக்காரர் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததில்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் அவருக்குத் தெரியவும் தெரியாது. இணையத்தில் நல்ல தகவலும் நிறைய இருக்கிறது. எழுதியவர் யார், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறியது. அதனால்தான் 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்கு மட்டும் அனுப்ப வாட்ஸ்அப் விடுகிறது.

கெஞ்சிக் கேட்கிறேன்

'பூண்டு போதும், பிரஷர் மாத்திரை வேண்டாம்' என்று யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாத்திரை எழுதியவரிடமே வந்து சண்டை போடுங்கள், பரவாயில்லை. வாய் கோணினால் போனில் தேடாமல் 108-ஐ அழையுங்கள். சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் முதல் கேள்வி அதுதான்.