முகாம் பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தால் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. பட்டாளத்தில் சேர்ந்து, அதன் வழியாக இந்தியக் குடிமகன் ஆவதற்கு நம் சட்டத்தில் இடம் இல்லை. முதலில் குடியுரிமை, அப்புறம்தான் பட்டாளம்.

எங்கள் வடக்கனந்தல் பக்கம் இது பொது அறிவுக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. அருகே சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு முழுக்க அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021 வரை அரசுத் தாள்களில் ‘அகதிகள் முகாம்’ என்றே இருந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். அக்னிவீர் அறிவிப்பு வந்ததும் ஊர்ப் பையன் இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறான். முகாம் பையனுக்கு உடம்பும் படிப்பும் தகுதியாக இருந்தாலும், இந்தியக் குடிமகன் என்று காட்ட ஒரு தாள் கிடையாது.

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் அல்லாதவரை மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படையில் சேர்க்கக் கூடாது என்கிறது. நேபாளத்தாருக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி நேபாளத்திலிருந்து வந்து சேரும் கூர்க்கா வீரர்கள் நம் படையில் காலம் முழுக்கப் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கினாலும் நேபாளக் குடிமக்களாகவே ஊர் திரும்புகிறார்கள். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் என்டிஏ, சிடிஎஸ் தேர்வுகளின் விதியில் இன்னொரு வாசலும் உண்டு. இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு இலங்கையிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர், மத்திய அரசின் தகுதிச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலுக்காக இங்கிருந்து போன மலையகத் தமிழரின் வாரிசுகளுக்கு இது பொருந்த வேண்டிய விதி. ஆனால் அகதி என்று பதிவாகி, என்றாவது திரும்பிப் போகிறவர் என்றே அரசு கணக்கில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழ் எளிதில் கைக்கு எட்டாது.

சரி, குடியுரிமையையாவது முதலில் வாங்கிவிடலாமே என்றால், அங்கே பிறந்த தேதி குறுக்கே நிற்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டித்தான் 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்தியக் கடவுச்சீட்டுக்கான உத்தரவு பெற்றார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. இன்று பட்டாளத்துக்குப் போகும் வயதில் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கடைசி விதிக்குள் வருகிறவர்கள்.

‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே முடங்குகிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குடியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உயிருக்குப் பயந்து கடவுச்சீட்டு இல்லாமல் படகேறி வந்தவர்களும் அதற்குள் அடங்கினார்கள். அந்தப் பெயர் விழுந்தவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இத்தனைக்கும், குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அந்தப் பெயர் விழாத வெளிநாட்டவர் அரசுப் பணியில் கழித்த காலத்தை இந்தியாவில் குடியிருந்த காலத்துக்குச் சமமாக எண்ணிக்கொள்கிறது. நாட்டுக்குச் செய்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அதே சட்டம், முகாம் பிள்ளையை அந்த வேலைப் பக்கமே வரவிடுவதில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகப் படுகிறது.

படையில் சேர்ந்துவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்பதும் உண்மை அல்ல. 1962 நவம்பரில் உருவான சிறப்பு எல்லைப் படையில் திபெத்திய அகதிகளையே முதன்மையாகச் சேர்த்தார்கள். 1971 போரில் சிட்டகாங் மலைப் பகுதியில் அவர்கள் சண்டையிட்டு உயிர் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்டிலும் லடாக்கில் அப்படையின் வீரர் ஒருவர் கண்ணிவெடியில் இறந்தார். அந்தச் சேவைக்காகவே குடியுரிமை வழங்கும் பிரிவு எதுவும் நம் சட்டத்தில் இன்றுவரை இல்லை.

அமெரிக்காவின் கதை வேறு. போர்க்காலத்தில் படையில் நேர்மையாகப் பணியாற்றிய வெளிநாட்டவர், கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அங்கே சட்டம் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய காலம் போர்க்காலமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் ‘மாவ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மருத்துவம் தெரிந்தவர்களையும் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்தவர்களையும் சேர்த்தார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் விசாவோ வேறு அனுமதியோ இருந்தவர்களுக்குத்தான் அது திறந்திருந்தது. சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டு, தற்காலிகப் பாதுகாப்பு பெற்றிருந்தவர்களை 2014இல் சேர்த்துக்கொண்டார்கள். 2016இல் புதிய சேர்க்கையே நின்றுபோனது. ஆவணம் எதுவுமே இல்லாதவருக்கு அங்கேயும் ராணுவ வாசல் திறப்பதில்லை. குவாத்தமாலாவிலிருந்து ஆவணமின்றி வந்து, பின்னர் கிரீன் கார்டு பெற்று மரைன் படையில் சேர்ந்த ஹோசே அந்தோனியோ குட்டியெரெஸ், 2003 மார்ச்சில் இராக் போரில் முதலில் இறந்த அமெரிக்க வீரர்களில் ஒருவர். இறந்த பிறகுதான் அவரைக் குடிமகன் ஆக்கினார்கள். இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரைப் பணயம் வைத்தால்தான் பிறந்த மண்ணில் உரிமை என்றால், ஓட முடியாத பிள்ளைக்கும் வயதான தாய்க்கும் என்ன வழி?

நம் நாட்டுக்கே திரும்பினால், ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயரிலிருந்து சிலரை விடுவித்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றும் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு அளித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. நல்ல செய்திதான், ஆனால் குடியுரிமை அதனால் தானாக வந்துவிடாது.

முகாம் குடும்பங்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது: பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் வீட்டில் இருந்தால், அவரும் அவருடைய பிள்ளைகளும் உடனே சட்ட ஆலோசனை பெற வேண்டும். இலங்கையோடு இந்தியா செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தாத்தா பாட்டிக்குக் கண்டியில் கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டு பழைய பெட்டியில் கிடந்தால், அதைவிட மதிப்பான தாள் வேறில்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பட்டாளத்தில் சேர்த்துக் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று எந்தத் தரகர் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

குடியுரிமை மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கலெக்டராலும் முதலமைச்சராலும் பரிந்துரைக்கத்தான் முடியும். சட்டத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை, வடக்கனந்தலில் நமக்கு இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், சின்னசேலம் முகாமில் பிறந்த பிள்ளைகளை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பட்டியலிலிருந்து எடுக்க டெல்லியில் பேசுவீர்களா என்று கேளுங்கள்.