யப்பானிய முகாமையாளர் பயிற்சி

கைத்தொழில் நிறுவனமொன்றுக்கு வேண்டுவன மூன்று: முதல், கருவி, ஆள்வோர். முதலைக் கடனாகப் பெறலாம். கருவியை விலைக்கு வாங்கலாம். ஆளுந் திறன் வாய்ந்தோரையோ அவ்வாறு பெறுதல் அரிது. வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை, தக்காரைத் தேர்ந்தெடுத்தலின் அருமையை உணர்த்தும். மேனாட்டுக் கம்பனிகள் பலவும் இத்தேர்வினையே பெரிதும் நம்புகின்றன. வேறோரிடத்தில் திறமை காட்டியவரை மிகுந்த வேதனங் கொடுத்து அழைத்துக்கொள்ளுதல் அங்குப் பெருவழக்கு. யப்பானியப் பெருங் கம்பனிகளோ நெடுங்காலமாக வேறொரு நெறியைக் கைக்கொண்டன. முகாமையாளரைத் தேடுவதினும் அவரைத் தம்முள்ளேயே ஆக்கிக்கொள்வதையே அவை சிறந்ததெனக் கருதின. அவ்வாக்கம் எங்ஙனம் நிகழ்கின்றது, அதன் வலிமை யாது, குறை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறையை அறியப் புகுவோர் முதலில் அதற்கெனவுள்ள பள்ளியையே தேடுவர். ஐக்கிய அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1908 ஆம் ஆண்டிலேயே வணிக நிருவாகத்துக்கெனத் தனிப்பள்ளி நிறுவிற்று. யப்பானில் கெய்யோ பல்கலைக்கழகம் 1962 இலே தன் வணிகப் பள்ளியைத் தொடங்கியபோதும், முதுமாணி வகுப்பை 1978 இலேயே ஆரம்பித்தது. அதற்கு முன்னரே யப்பானியக் கப்பல்களும் வானொலிப் பெட்டிகளும் மோட்டார் வண்டிகளும் உலகச் சந்தையிற் புகுந்துவிட்டன. ஆகவே, அவற்றை ஆக்கிய நிறுவனங்களை நடத்தியோரிற் பெரும்பாலார் வணிகப் பள்ளியின் வாயிலை மிதித்தவரல்லர் என்பது தெளிவு. அவர்கள் கற்ற இடம் தொழில் செய்த இடமே. அவர்க்குக் கற்பித்தோர் அவர்க்கு மேலிருந்த அதிகாரிகளே.

இதனை யப்பானியரின் தொன்றுதொட்ட குணவியல்பு எனக் கூறி அமைதல் பொருந்தாது. இம்முறை காலத்தின் தேவையால் உருவாயிற்று. 1891 இல் மிட்சுயி வங்கியிற் சேர்ந்த நாக்காமிகாவா ஹிக்கோஜிரோ என்பார், தம் தாய்மாமனாகிய புக்குசாவா யுக்கிச்சி நிறுவிய கெய்யோவிற் கற்ற இளைஞர் பலரை மிட்சுயி நிறுவனத்துக்குள் கொணர்ந்தார். பரம்பரைக் கணக்கர் இருந்த இடத்திலே கல்லூரியிற் பயின்றோர் அமரத் தொடங்கினர். எனினும், இன்று நாம் காணும் பயிற்சி முறையின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமைந்ததேயாம்.

போரில் தோற்ற யப்பானை ஆண்ட நேச நாட்டுப் படையதிகாரம், 1947 இல் பெருங் கம்பனிகளின் தலைவர் பலரைப் பதவியினின்றும் நீக்கிற்று. அவர்தம் இடங்களுக்கு இளைய அதிகாரிகள் திடீரென உயர்த்தப்பட்டனர். தொழிலை அறிந்த அவர்கள், ஆட்சியை அறிந்திலர். இக்குறையை நீக்கப் பல வகுப்புகள் எழுந்தன. 1949 இலும் 1950 இலும் அமெரிக்கப் பொறியியலாளர் சிலர், தொடர்புக் கருவிகளை ஆக்கும் கம்பனிகளின் தலைவர்க்குத் தோக்கியோவிலும் ஒசாக்காவிலும் முகாமை வகுப்புகள் நடத்தினர். 1950 இல் யப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர் ஒன்றியத்தின் அழைப்பையேற்று வந்த எட்வேட்ஸ் டெமிங், புள்ளிவிபர முறையாற் பொருளின் தரத்தைக் காக்கும் வழியைக் கற்பித்தார்.

இவை யாவற்றினும் ஆழமாக வேரூன்றியது, போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்க்கென வகுக்கப்பட்ட ஒரு பயிற்சியாகும். அது முப்பகுதியானது: வேலையைக் கற்பிக்கும் முறை, வேலையைத் திருத்தும் முறை, வேலையாட்களுடன் ஒழுகும் முறை. ஒவ்வொன்றும் 10 மணித்தியாலத்தில் முடிவது. கற்பவன் கற்றிலனெனிற் குறை கற்பித்தவனதே என்பது அதன் அடிப்படைக் கொள்கை. போர் முடிந்ததும், 1945 இல், அமெரிக்க அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. யப்பானிலோ அது பல பதிற்றாண்டுகள் நிலைத்து நின்றது. நடுத்தர அதிகாரிகளுக்கென வேறொரு பாடத்திட்டமும் இதனோடு சேர்ந்தது. இப்பயிற்சிகளைப் பரப்புவதற்கென 1955 இல் யப்பானியக் கைத்தொழிற் பயிற்சிச் சங்கம் நிறுவப்பட்டது. கற்பித்தல் முகாமையாளனின் கடமைகளுள் ஒன்றன்று, அவனது தலையாய கடமையே என்னும் எண்ணம் இவ்வாறு யப்பானியத் தொழிற்சாலைகளில் நிலைபெற்றது.

இனி, பட்டதாரி இளைஞனொருவன் முகாமையாளனாகும் வழியை நோக்குவாம். பெருங் கம்பனிகளின் வழக்கப்படி, அவ்வாண்டிற் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுவோர் ஏப்பிரல் 1 ஆந் திகதி ஒருங்கே சேர்த்துக்கொள்ளப்படுவர். குறித்த ஒரு வேலைக்கென்று அவர்களை எடுப்பதில்லை, கம்பனிக்கென்றே எடுப்பர். தொடக்கத்திற் சில வாரங்களோ சில மாதங்களோ பொதுப்பயிற்சி நடைபெறும். வணக்கஞ் சொல்லுதல், கடிதம் எழுதுதல், தொலைபேசியிற் பேசுதல் முதலியனவும் அதில் அடங்கும். பின்னர்த் தொழிற்சாலையிலோ விற்பனைச்சாலையிலோ சின்னாள் வேலை செய்ய வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவனும் அங்கே தொழிலாளியின் அருகில் நின்று பொறியை இயக்குவான். அல்லது வீடு வீடாகச் சென்று பொருளை விற்பான்.

அதன்பின் சில ஆண்டுகளுக்கொரு முறை இடமாற்றம் வரும். கணக்குப் பகுதியிலிருந்தவன் ஆளணிப் பகுதிக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும், சிலவேளை பிறநாட்டுக் கிளைக்கும் அனுப்பப்படுவான். இதனால் அவன் ஒரு துறையிற் பெருநிபுணனாதல் அரிதாயினும், கம்பனி முழுவதையும் அறிந்தவனாவான். ஒருங்கு சேர்ந்தோரை 'டோக்கி' என அழைப்பர். அவர்களுடைய வேதனமும் பதவியும் முதற் பத்தாண்டு வரையிற் பெரிதும் வேறுபடா. பிரிவுத் தலைவனாகிய 'கச்சோ' என்னும் பதவியைப் பெறும்போது அவர்கள் நாற்பது வயதை அணுகிவிடுவர். அதுவரை அவர்களைப் பல இடங்களிற் பல மேலதிகாரிகள் கண்டிருப்பர். ஒருவரின் விருப்பு வெறுப்பினால் ஒருவன் எதிர்காலம் தீர்மானிக்கப்படுவது இதனாற் குறைகின்றது.

இவ்வாறு காலந் தாழ்த்தி உயர்த்துதலைச் சோம்பல் எனக் கருதுதல் தவறு. அதனுள்ளே நுண்ணிய காரணமொன்று உண்டு. தனக்குத் தெரிந்ததை இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவன் தன்னை முந்திவிடுவான் என்ற அச்சம் எந்நாட்டு ஊழியர்க்கும் இயல்பானதே. மூத்தோர் உரிமை உறுதியாக உள்ள இடத்தில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. இளையவன் நன்கு கற்றால் மூத்தவனுக்கு நட்டமில்லை, பெருமையே உண்டு. கம்பனியும், தான் செலவிட்டுப் பயிற்றியவன் மறுநாள் பிறிதொரு கம்பனிக்குப் போய்விடுவான் என அஞ்ச வேண்டியதில்லை. நெடுங்கால வேலையுறுதியும் மூப்பின்படி உயர்வும் ஊழியரின் நலத்துக்கு மட்டும் அமைந்தனவல்ல; கற்பித்தல் தடையின்றி நடைபெறுதற்கு அவையே நிலைக்களமாயின.

கற்பிக்கும் முறைகளுட் சிலவற்றைக் காண்போம். முதலாவது, இடத்துக்குச் சென்று காணுதல். தொழில் நிகழும் இடத்தை யப்பானியர் 'கெம்பா' என்பர். ரொயோட்டா மோட்டார்க் கம்பனியின் உற்பத்தி முறையை வகுத்தவருள் முதன்மையான ஓனோ தைச்சி (1912–1990), தரையிலே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, இளம் அதிகாரியை அதனுள் நிறுத்தி, நெடுநேரம் வேலையை உற்றுப் பார்க்கும்படி பணிப்பாரென்பர். மீண்டு வந்து, "என்ன கண்டாய்?" என வினவுவார். விடை போதாதாயின் அவன் மேலும் நிற்க வேண்டும். குறையொன்றைக் கண்டவிடத்து, "ஏன்?" என ஐந்து முறை தொடர்ந்து வினவி, அதன் வேரைக் காணும் பழக்கமும் அவராற் பரவியது.

இரண்டாவது, எழுதுவித்தல். ரொயோட்டாவிலே ஒரு சிக்கலையும் அதன் காரணத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் ஏ-3 அளவுள்ள ஒரே தாளில் அடக்கி எழுதல் வேண்டும். மேலதிகாரி அதிற் பிழை கண்டால், தாமே திருத்திக் கொடுப்பதில்லை. கேள்விகளைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரே தாள் பன்முறை மீண்டும் மீண்டும் எழுதப்படும். நல்லாசிரியர் மாணவரின் கட்டுரையைத் திருத்தும் முறையும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

மூன்றாவது, முடிவெடுத்தலிற் பங்கு கொடுத்தல். 'ரிங்கி' எனப்படும் வழக்கின்படி, ஒரு திட்டத்தின் வரைவைக் கீழ்நிலை அதிகாரியே எழுதுவான். அது தொடர்புடைய பகுதிகள் தோறுஞ் சென்று, ஒவ்வொருவரின் முத்திரையும் பெற்று மேலேறும். அதற்கு முன்னரே அவன் ஒவ்வொருவரையும் தனித்தனி கண்டு அவர்தம் கருத்தை அறிந்துகொள்ள வேண்டும். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றி மண்ணைப் பதப்படுத்துதலைக் குறிக்கும் 'நெமவாசி' என்னுஞ் சொல்லால் இதனைச் சுட்டுவர். இம்முறையால் முடிவு தாமதமாகும் என்பது உண்மையே. ஆயின் முப்பது வயதினனும் கம்பனி முழுவதையும் மனத்திற்கொண்டு சிந்திக்கப் பழகுகின்றான்.

வகுப்பறைப் பயிற்சி முற்றாக இல்லை என்பதன்று. ஒவ்வொரு பதவிப்படியிலும் ஏறுவோர்க்கெனக் குறுகிய வகுப்புகள் உண்டு. ஹிட்டாச்சி 1961 இலேயே தனக்கென முகாமைப் பயிற்சி நிலையம் நிறுவிற்று. ரொயோட்டா 2002 இல் அவ்வாறு செய்தது. அஞ்சல்வழிப் பாடங்களைப் பயில்வோர்க்குக் கம்பனிகள் பணவுதவி செய்வதுமுண்டு. எனினும் இவையெல்லாம் வேலையிடத்துக் கல்விக்குத் துணையாவனவேயன்றி அதற்கு மாற்றாவனவல்ல.

தலைவர்களே ஆசிரியராக மாறியமைக்குச் சிறந்த உதாரணம் அண்மைக் காலத்தில் உண்டு. 1951 இல் தோன்றிய யப்பான் விமானக் கம்பனி, ஏறத்தாழ 2 இலட்சத்து 30 ஆயிரங் கோடி யென் கடனுடன் 2010 சனவரியில் வங்குரோத்து நிலையை அடைந்தது. கியோசெரா கம்பனியை 1959 இல் நிறுவிய இனாமோரி கசுவோ, தமது 78 ஆவது வயதில், வேதனம் பெறாது அதன் தலைமையை ஏற்றார். விமானத் தொழிலை அவர் அறியார். சில மாதங்களுள் ஏறத்தாழ 50 உயரதிகாரிகளை ஒன்றுகூட்டி, ஒரு மாத காலம் தொடர் வகுப்பு நடத்தினார். கணக்கு முறையோடு, பொய் கூறாமை, பேராசையின்மை, நன்றி மறவாமை போன்ற எளிய அறங்களையும் கற்பித்தார். சிறுவர் பாடமென முதலில் இகழ்ந்த அதிகாரிகள் படிப்படியாக மனம் மாறினர். 2012 செத்தெம்பரில் அக்கம்பனி மீண்டும் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கடன் தள்ளுபடியும் அரசாங்கத்தின் பண உதவியும் ஊழியர் பல்லாயிரவர் விலக்கப்பட்டமையும் இம்மீட்சிக்குக் காரணங்களாம் என்பதை மறைத்தல் கூடாது. ஆயினும், ஒவ்வொரு பகுதியின் வரவையும் செலவையும் தம் பொறுப்பெனக் கருதும் மனப்பாங்கு அவ்வகுப்புகளால் வளர்ந்ததென்பதும் மறுக்கவொண்ணாது.

இனி, இம்முறையின் குறைகளை நோக்குவாம். மேலோனே ஆசிரியனாயின், மேலோன் தவறும்போது என்ன நிகழும்? இதற்குத் தொசிபா கம்பனியின் வரலாறு விடை கூறும். 2015 யூலையில் வெளிவந்த சுயாதீன விசாரணைக் குழுவின் அறிக்கை, அக்கம்பனி பல ஆண்டுகளாக 15,000 கோடி யென்னுக்கு மேற்பட்ட இலாபத்தைப் பொய்யாக மிகைப்படுத்திக் காட்டியதை வெளிப்படுத்திற்று. தலைவர்கள் எட்டவியலா இலக்குகளை விதித்தனர். மேலதிகாரியின் விருப்பத்தை மறுத்துரைக்க இயலாத சூழல் அங்கு நிலவியதென அக்குழு சுட்டிக் காட்டியது. மூத்தோரைப் பின்பற்றிக் கற்றவர்கள் மூத்தோரின் பிழையையும் பின்பற்றினர். பணிவைக் கற்பித்த அளவுக்கு மறுத்துரைக்கும் துணிவை அங்கே எவருங் கற்பித்திலர். 1979 இல் பூஜி மலையடிவாரத்தில் தோன்றிய ஒரு பயிற்சிப் பள்ளி, முகாமையாளரின் மார்பில் இழிவுப் பட்டிகளைக் குத்தி, உரத்துக் கூவச் செய்து, தேறியபின் அவற்றை ஒவ்வொன்றாக அகற்றும் முறையாற் பெயர் பெற்றது. பணிவு அளவு கடந்தால் எவ்வுருக் கொள்ளும் என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது குறை, இப்பயிற்சி எல்லார்க்கும் உரியதாகாமை. நெடுநேர வேலைக்கும் அடிக்கடி வரும் இடமாற்றத்துக்கும் இணங்கக்கூடியவரே உயர்வுப் பாதையில் நிற்க முடிந்தது. வீட்டுப் பொறுப்பைச் சுமந்த பெண்கள் புறத்தே நின்றனர். சமவாய்ப்புச் சட்டம் 1985 இல் நிறைவேறியும், முகாமைப் பதவிகளில் அவர் தொகை இன்றும் ஐந்திலொரு பங்கை எட்டவில்லை. மூன்றாவதாக, 1990 ஆம் ஆண்டுகளின் பொருளாதாரத் தளர்ச்சிக்குப் பின் நிரந்தரமற்ற ஊழியர் தொகை பெருகி, இன்று மூவரில் ஒருவர்க்கு மேல் அவ்வகையினராயுள்ளனர். நாளை இருப்பானோ என்பது தெரியாத இளையவனுக்கு மூத்தவன் எதனைக் கற்பிப்பான்? ஆட்குறைப்பினால் பிரிவுத் தலைவனே கீழோரின் வேலையையும் செய்ய நேர்ந்தது. கற்பித்தற்குரிய பொழுது சுருங்கிற்று. புஜிட்சு போன்ற கம்பனிகள் 2020 முதல் முகாமையாளர்க்குப் பதவியின் பொறுப்புக்கேற்ப வேதனம் வழங்கும் முறைக்கு மாறியுள்ளன. திறமையுள்ள இளைஞர் விரைவில் உயர இது வழிவகுக்கும். மூத்தவன் அச்சமின்றிக் கற்பித்தற்கு இருந்த பழைய காப்பு அதனால் தளருமாயின், அதற்கீடாக எதனை வைப்பது என்பதே இன்று அந்நாட்டின் முன்னுள்ள வினா.

இதுவரை கூறியவற்றால் ஓருண்மை பெறப்படும். யப்பானின் சிறப்பை அதன் வகுப்பு அட்டவணையிலும் கைந்நூல்களிலும் தேடிப் பயனில்லை. அவற்றை எந்நாட்டினரும் பெயர்த்தெழுதலாம். கற்பிப்பவன் இழப்புறாத ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியமையே அதன் சிறப்பு. அவ்வொழுங்கை விட்டுப் புறவடிவை மட்டும் கொள்வோர் பெறும் பயன் சிறிதே. அதனோடு, இளையோன் வினவவும் மறுக்கவும் இடமளிப்பதே அம்முறையை முழுமையாக்கும். வினவாது கற்ற கல்வி மூத்தோரை ஒத்த ஊழியரைத் தரும். மூத்தோரைத் திருத்தவல்ல தலைவரைத் தராது.