கந்தையும் கைவினையாகும்!

உங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டையும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முழங்கையில் கிழிந்த சட்டைகள், நடுவில் நைந்துபோன கைலிகள், கரை மட்டும் பளபளப்புக் குறையாமல் உடல் மெலிந்துவிட்ட சேலைகள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சிறுத்துப்போன பெருநாள் உடைகள், பழுப்பேறிய வெள்ளைத் துப்பட்டி... உடுத்தவும் இயலாது, எறியவும் மனம் வராது. வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் எடுத்துப் பார்க்கிறோம்; பெருமூச்சு விட்டு மீண்டும் மடித்து வைத்துவிடுகிறோம்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது முன்னோர் மொழி. கசக்கிக் கட்டும் நிலையையும் கடந்துவிட்ட துணியை என்ன செய்வது? பெரும்பாலோர் கையாளும் வழி, மூட்டையாகக் கட்டி, "ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று மனநிறைவு கொள்வது. அந்த மனநிறைவு சரியானதுதானா என்று முதலில் சிந்திப்போம். அதன் பிறகே ஊசியும் நூலும் எடுப்போம்.

தானமா, தள்ளிவிடுதலா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது நாகப்பட்டினம், நாகூர் முதலிய ஊர்கள் பட்ட துயரை நாம் மறக்க இயலாது. நாடெங்கும் இருந்து உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பழந்துணிகளும் மலையெனக் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதியை யாரும் தொடவில்லை. கிழிந்தவை, கறை படிந்தவை, அங்குள்ளோர் உடுத்தாத வகையைச் சேர்ந்தவை எல்லாம் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தன. வீட்டையும் உறவுகளையும் இழந்து நின்றவர்கள், தன்மானத்தை மட்டும் இழக்கவில்லை!

டில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம், அவ்வாறு கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரிக்கும் பணியில் ஈடுபட்டது. உடுத்தத் தக்கவற்றைத் தனியே எடுத்து, தேவையுள்ளோருக்கு முறையாக வழங்குவதும், உடுத்த இயலாதவற்றை மெத்தை விரிப்பாகவும், பெண்களுக்கான மாதவிடாய்த் துணியாகவும், பைகளாகவும் மாற்றுவதும் இந்நிறுவனத்தின் வழக்கம். இத்தகைய தொண்டுக்காகவே 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிறர் தந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தயங்கும் பொருளை, இறைவழியில் ஈந்ததாக எண்ணிக்கொள்ளலாகாது என்று திருமறை நம்மை எச்சரிக்கிறது. கொடுக்கத் தக்கதைக் கொடுப்போம். கொடுக்கத் தகாததை நம் கையால் பயனுள்ளதாக மாற்றுவோம். கைவினையின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

திரை தலையணையான கதை

பழையதைப் புதிய பயனுக்கு மாற்றுவது நமக்கு அந்நியமான வழக்கமன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை விரும்பவில்லை. அன்னையார் அத்துணியை வீசியெறிந்துவிடவில்லை. அதனை வெட்டித் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலையாவது பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதும் நாம் அறிந்த செய்தியே. தமது காலணியைத் தாமே செப்பனிட்டு, தமது ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஒட்டுப் போடுவது இழிவென்றால், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தோளிடையே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகள் இருந்திருக்குமா?

கந்தையும் காந்தாவும்

வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்துப் போர்வை ஆக்குவர். இதற்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை'யும் அவர்கள் 'காந்தா'வும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்! மெழுகு துணிபோல் மென்மையாகிவிட்ட பழஞ்சேலைதான் பிறந்த குழந்தைக்கு உகந்தது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ஒரு நெடுங்கவிதை இப்போர்வையைத் தன் பெயரிலேயே தாங்கிப் புகழ்பெற்றது. மேற்கு வங்கத்தின் 'நக்ஷி காந்தா' 2008-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கந்தலாய்க் கழிந்திருக்க வேண்டிய துணி, ஒரு நாட்டின் கலைச் செல்வமாயிற்று!

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உள்ளனர். அச்சமூகத்துப் பெண்கள் பழைய உடைத் துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். நான்கு மூலைகளிலும் மடித்துத் தைத்த சிறு முக்கோணத் துணிகள் பூவாக அமைந்தால்தான் அது நிறைவு பெற்றதாகக் கொள்வர். முஸ்லிம் இல்லங்களின் கவந்திகளில் பிறை வடிவம் இடம்பெறுவதுண்டு.

கடல் கடந்தும் ஒரு செய்தி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் அடிமைகளின் வழித்தோன்றல்களான கறுப்பினப் பெண்கள், குளிர் தாங்கப் பழைய வேலை உடைகளைப் போர்வையாகத் தைத்து வந்தனர். அவர்களுள் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, 1942-இல் தம் கணவர் இறந்த பின்னர், அவர் வயலில் உடுத்திய உடைகளையே பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவில் இருத்தவும், அவர் அன்பைப் போர்த்திக்கொள்ளவும் அது வேண்டியிருந்தது. அவ்வூர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது உலகம் வியந்தது. 2006-இல் அவை அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. வறுமையில் பிறந்த கைவேலைக்கு எத்தகைய மதிப்பு, பார்த்தீர்களா?

(நம் வீடுகளில் காலமானவர்களின் உடைகளைப் பொறுத்தவரை ஒன்றை நினைவிற் கொள்க. அவையும் வாரிசுரிமைப் பொருள்களே. வாரிசுகள் அனைவரும் மனமொப்பிய பின்னரே அவற்றைக் கொடுக்கவோ, வெட்டவோ வேண்டும்.)

மூன்று குவியல்

இனி உங்கள் பெட்டியைத் திறந்து துணிகளை மூன்றாகப் பிரியுங்கள்.

முதற் குவியல், கிழிசலோ கறையோ இன்றி உடுத்தத் தக்கவை. துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன்கள் சரிபார்த்துக் கொடுங்கள். பெறுபவர் கையில் அது அன்பளிப்பாகத் தோன்ற வேண்டும்.

இரண்டாவது, சிறு தையலால் சீராகக் கூடியவை. அவிழ்ந்த ஓரம், அறுந்த கொக்கி, கழன்ற பட்டன் ஆகியவற்றை அன்றே செப்பனிட்டால் உடை மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். ஒரு பருத்தி டி-சட்டை உருவாக, பருத்திச் செடி முதல் சாயப்பட்டறை வரை ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது என்பது ஆய்வாளர்களின் உலகச் சராசரிக் கணக்கு. ஒரு பட்டனுக்காக அத்தனை நீரையும் குப்பையில் கொட்டலாமா?

மூன்றாவது, உடுத்த இயலாதவை. இவைதாம் கைவினைக்கு உரியவை. வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்கு காயவைத்து, பட்டன், கொக்கி, ஜிப் ஆகியவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் சேமியுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடையாகத் தெரியும் பகுதியை அடுக்கின் உள்ளே வையுங்கள். திண்மையான பகுதி மேலே வரட்டும்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்று ஐயம் எழுந்தால் இரண்டொரு இழைகளை உருவி இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். குழந்தைக்கும் அடுப்படிக்கும் பருத்தி மட்டுமே ஏற்றது.

ஒரு சேலை, ஒரு விரிப்பு

குழந்தை விரிப்புச் செய்ய ஒரு பழைய பருத்திச் சேலையே போதும். ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாக்கில் ஆறாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் ஏறக்குறைய 90 செண்டிமீட்டர் வரும். அகலம் சேலையின் அகலமே. ஆறு அடுக்குள்ள மெத்தென்ற விரிப்பு கிடைத்துவிடும்.

தரையில் பாய் விரித்து, சேலையைச் சுருக்கமின்றிப் பரப்புங்கள். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பெரிய தையல்களாகப் போட்டு அடுக்குகளைத் தற்காலிகமாக இணையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி திரண்டுகொள்ளும். பின்னர் இரு விரல் இடைவெளியில் நேர்கோடுகளாக ஊசியை மேலும் கீழும் ஓட்டித் தையுங்கள். கோடுகள் சற்றே கோணினாலும் கவலையில்லை. கைவேலையின் அழகே அதுதான். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, சேலைக் கரையையே சட்டமாக வைத்து முடியுங்கள். தற்காலிகத் தையலைப் பிரித்துவிடுங்கள். மணி, சமிக்கி, பட்டன் எதுவும் வேண்டா; குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். இதனை விழித்திருக்கும் குழந்தையைக் கிடத்தும் விரிப்பாகப் பயன்படுத்துங்கள். உறங்கும் பச்சிளங் குழந்தையின் முகத்தருகே எந்தப் போர்வையும் இருக்கலாகாது.

கைலியின் நடுப்பகுதிதான் முதலில் நையும். ஓரங்கள் உறுதியாகவே இருக்கும். அந்த ஓரங்களை எடுத்து இரட்டைத் துணியாக வைத்து, 40 செண்டிமீட்டர் உயரமும் 35 செண்டிமீட்டர் அகலமும் உள்ள கடைப்பை தைக்கலாம். கைப்பிடிக்கு நான்காக மடித்த பட்டை வையுங்கள். அது பையுடன் சேரும் இடத்தில் சதுரமும் உள்ளே பெருக்கற்குறியுமாகத் தைத்தால் பாரம் தாங்கும். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. மஞ்சள் பைக்காகக் காத்திருப்பானேன்? உங்கள் வீட்டுக் கைலிப் பை இருக்கிறதே!

கிழிந்த கட்டில் விரிப்பில் கறையற்ற, தூய பகுதியை இரண்டு மூன்று அடுக்காகத் தைத்தால் பிள்ளைகளுக்கு அளவான தொழுகை விரிப்பு ஆகும். கால்சட்டையின் தடித்த துணியில் மதரஸாப் பை அமையும். நைந்த துண்டுகளை அடுக்கித் தைத்தால் அடுப்படிப் பிடிதுணி. எஞ்சிய நறுக்குகளைத் தலையணைக்குள் திணித்துவிடலாம்.

பயன்தான் உரைகல்

ஓர் எச்சரிக்கை. கைவினை என்ற பெயரில், போத்தலுக்குச் சட்டை போடுவதும், தட்டுக்குக் குஞ்சம் கட்டுவதும், பின்னர் அவை தூசி படிந்து ஓராண்டில் குப்பைக்குப் போவதும் நாம் காண்பதே. புதிய பசையும் பளபளப்பும் வாங்கிச் செய்த அலங்காரம், வீண்செலவுக்கு வேறொரு பெயர். எதைச் செய்யத் தொடங்கும்முன்னும், "இது நம் வீட்டில் யாருடைய கைக்கு, எந்த நாளில் பயன்படும்?" என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

விற்க விரும்பும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பழந்துணியில் செய்தது என்று சொல்லியே விற்பனை செய்யுங்கள். மறைப்பது வாணிப நேர்மையன்று. அதேவேளை, "பழைய துணிதானே" என்று விலையைக் குறைப்போரிடம் பணிந்துவிடாதீர்கள். துணிக்கு விலையில்லாதிருக்கலாம், எத்தனை பிற்பகல்கள் குனிந்து தைத்தீர்களோ, அத்தனைக்கும் விலை உண்டு. நூலின் செலவையும் வேலை செய்த நேரத்தையும் குறித்து வைத்துக் கணக்கிடுங்கள்.

இவ்வேலையைத் தனியே செய்யாதீர்கள். வீட்டிலுள்ள பெரியம்மாவையோ பாட்டியையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தச் சேலை எந்தப் பெருநாளுக்கு வாங்கியது, எந்தக் கைலி யார் பயணத்திலிருந்து கொண்டுவந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, உங்கள் பெண்மக்களும் ஆண்மக்களும் ஊசியில் நூல் கோக்கப் பழகட்டும். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வது ஆண்களுக்கும் உரிய நற்பண்பே அன்றோ?

வரும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் அந்தப் பெட்டியைத் திறங்கள். கொடுக்க வேண்டியதைக் கண்ணியமாகக் கொடுங்கள். எஞ்சியதில் ஒரே ஒரு சேலையை எடுத்து விரியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்து உங்கள் குடும்பத்தில் பிறக்கும் குழந்தை அதன் மேல் படுத்துக் கைகால் ஆட்டட்டும்!