பழைய பிரிவும் புதிய எண்ணும்

பிறரை ஏய்த்துப் பிழைப்பவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல நமக்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. 'அவன் ஒரு 420' என்றால் போதும். பள்ளிக்கூட வாசலை மிதியாதவருக்கும் விளங்கிவிடும். சட்டப் புத்தகத்திலிருந்த ஓர் எண் மக்கள் பேச்சில் இறங்கி வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த எண்ணுக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 2024 ஜூன் 30 வரை 162 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செலுத்திற்று.

2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் இப்போது 358 பிரிவுகளே உள்ளன. 420 என்ற பிரிவே இல்லை. அதே நாளில் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதினியமும் நடைமுறைக்கு வந்தன.

சட்டம் ஒரே நாளில் மாறலாம். தீர்ப்புகள் அவ்வாறு மாறுவதில்லை. நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டாக அளித்த தீர்ப்புகள் யாவும் பழைய எண்களிலேயே பேசுகின்றன. அவற்றை இன்றைய வழக்கில் எடுத்துக் காட்ட வேண்டிய வழக்கறிஞர் என்ன செய்வது? பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவை பயனுள்ளவையே. ஆயினும் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எங்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே மற்றொரு சொல் இருப்பதனாலேயே இரண்டும் ஒரே பொருள் தந்துவிடுவதில்லை. பிரிவுகளின் கதையும் அதுவே.

முதலாவது இடர், பழைய எண்ணே புதிய சட்டத்தில் வேறொரு பொருளுக்கு அமைந்திருப்பது. பழைய 302 கொலைக்குரிய தண்டனையைக் கூறிற்று. இன்று அது 103-ஆம் பிரிவு. புதிய 302-ஆம் பிரிவோ, பிறருடைய சமய உணர்வைப் புண்படுத்தும் கருத்துடன் பேசுவதைப் பற்றியது. நடைமுறைச் சட்டத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மிகுதி. ஊரறிந்த '144 தடை உத்தரவு' இப்போது 163-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. புதிய 144-ஆம் பிரிவு, மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் வழங்குவதைக் கூறுகிறது. அது முன்பு 125-ஆக இருந்தது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்த பழைய 482 இன்று 528. புதிய 482 முன் ஜாமீனுக்கு உரியது. ஆகவே, சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவது இனித் தகாது. சட்ட எண்ணை எழுதும்போதும் ஆண்டைச் சேர்த்தே எழுத வேண்டும். ஏனெனில் பழைய தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டம், புதியது 2023-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டம்!

இரண்டாவது இடர், பிரிவுகள் ஒன்றுக்கு ஒன்றாக அமையாமை. ஏமாற்றுதலைப் பற்றிய பழைய 415, 417, 418, 420 ஆகிய நான்கும் புதிய 318-ஆம் பிரிவில் உட்பிரிவுகளாக அடங்கிவிட்டன. பழைய 420-ஐத் தேடுவோர் 318(4)-க்குச் செல்ல வேண்டும். மாறாக, மணமான பெண்ணைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமை செய்வது பற்றிய 498-ஏ இரண்டாகப் பிரிந்துள்ளது. தண்டனை 85-இலும், கொடுமை என்பதன் விளக்கம் 86-இலும் உள்ளன.

மூன்றாவதும் பெரியதுமான இடர், எண்ணோடு பொருளும் மாறியிருப்பது. ஒருவர் எத்தனை நாள் கடும் வேதனையில் கிடந்தால் அது கொடுங்காயம் ஆகும்? பழைய 320-ஆம் பிரிவு 20 நாள் என்றது. புதிய 116-ஆம் பிரிவு 15 நாள் என்கிறது. 20 நாள் நிறையவில்லை என்று விடுவித்த பழைய தீர்ப்பை, எண்ணை மட்டும் திருத்தி இன்று எடுத்துக் காட்டினால் அது நீதிமன்றத்தைத் தவறான வழியில் செலுத்துவதாகும்.

இனி, எந்தச் சட்டம் எந்த வழக்குக்கு என்பதைப் பார்ப்போம். அசட்டையாக வண்டி ஓட்டி ஒருவரின் மரணத்திற்குக் காரணமானவருக்குப் பழைய 304-ஏ பிரிவின்படி உச்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறை. புதிய 106(1)-இன்படி அது 5 ஆண்டு. விபத்து 2024 ஜூன் 30 இரவு நேர்ந்திருந்தால் பழைய சட்டமே பொருந்தும். குற்றம் நிகழ்ந்த நாளில் இருந்த சட்டம் விதித்ததற்கு மேற்பட்ட தண்டனையை விதிக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 20-ஆம் விதி தரும் பாதுகாப்பு. பழைய சட்டத்தை நீக்கும் புதிய 358-ஆம் பிரிவும் முன் நிகழ்ந்த குற்றங்களுக்குரிய பொறுப்பைக் காத்து வைக்கிறது. ஆதலால் குறிப்பை எழுதுமுன் குற்றம் நடந்த தேதியைப் பார்க்க வேண்டும். நடைமுறையைப் பொறுத்தவரை, 2024 ஜூலை முதல் நாளுக்கு முன் நிலுவையிலிருந்த புலன்விசாரணை, வழக்கு விசாரணை, மேல்முறையீடு ஆகியவை பழைய முறைப்படியே தொடரும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 531-ஆம் பிரிவு கூறுகிறது.

எழுதும் முறை எளிது. பழைய தீர்ப்பின் வாசகத்தை மேற்கோளாக எடுக்கும்போது அதிலுள்ள எண்ணைத் தொடலாகாது. அது நீதிபதியின் வாக்கு. மேற்கோளுக்கு வெளியே, 'இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 302; இதற்கு இணையானது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 103(1)' என்று சட்டப் பெயருடன் சேர்த்து எழுதலாம். பின்னர் இரு பிரிவுகளின் வாசகத்தையும் அருகருகே வைத்துப் படித்து, வேறுபாடு இருப்பின் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இது நமக்கு முற்றிலும் புதிய அனுபவமன்று. 1898-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் உள்ளார்ந்த அதிகாரம் 561-ஏ பிரிவில் இருந்தது, 1974 ஏப்ரல் முதல் 482 ஆயிற்று, இப்போது 528. அதிகாரம் ஒன்றே, அதற்கு மூன்று எண்கள். 561-ஏ குறித்த தீர்ப்புகள் 482-இன் காலத்திலும் வழிகாட்டின; பொருள் மாறாதிருந்ததே அதற்குக் காரணம்.

பிரிவின் எண் தவறியதனாலேயே ஒரு மனு வீழ்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தவறிய எண்ணைத் திருத்தி வருவதற்குள் ஒரு வாய்தா கடந்துவிடும். ஜாமீனுக்காகச் சிறையில் காத்திருப்பவருக்கும், ஜீவனாம்சத்தை எதிர்நோக்கிக் குழந்தையுடன் நிற்கும் தாய்க்கும் அந்த ஒரு வாய்தா சிறிதன்று. எண்ணைச் சரிபார்க்கச் செலவிடும் கால் மணி நேரம் அவர்களுக்குச் செய்யும் உதவியே ஆகும்.