சாம்பார் சோறும் பூனை ரத்தமும்

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது பூனையை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் நாம்! அந்தப் பூனை இப்போது இவர் வீட்டில் சோர்ந்து படுத்தே கிடக்கிறது, தோட்டத்துச் செங்கல்லை நக்குகிறது. "சுரங்கத் தூசியால் இருக்குமோ?" என்கிறார்.

தூசி இருக்கட்டும் அம்மா, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மண், செங்கல் நக்குவதும் அதன் அறிகுறிதான். ரோமத்தைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது பூனை பறிகொடுத்த ரத்தம். குட்டிகள் இதிலேயே செத்துப்போகும். கொக்கிப்புழு, சிறுநீரகக் கோளாறு, லுகேமியா வைரஸ் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

எனக்கு வியப்பெல்லாம் பூனையின் ஹீமோகுளோபின்மேல்தான். அதில் எளிதில் தாக்குதலுக்கு உள்ளாகும் கந்தக முனைகள் மனிதருக்கு 2, நாய்க்கு 4, பூனைக்கு 8. வெங்காயமும் பூண்டும் அங்கேதான் கைவைக்கின்றன. எலுமிச்சை பட்ட பால்போல் ஹீமோகுளோபின் திரிந்து, சிவப்பணுவின் ஓரத்தில் கட்டிகட்டியாகச் சேர்கிறது. 1890-இல் ராபர்ட் ஹைன்ஸ் விவரித்ததால் இவற்றுக்கு ஹைன்ஸ் திரள்கள் என்று பெயர். நாயின் மண்ணீரல் இவற்றை ஓரளவு நீக்கிவிடும். பூனையின் மண்ணீரலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அணுக்கள் உடைந்து ரத்தம் குறைகிறது.

வேகவைத்தாலும் வெங்காயத்தின் நஞ்சு போவதில்லை. நாமோ சின்ன வெங்காயச் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டு, பூனை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். மிச்சத்தைக் கொட்டுவதற்குப் பெயர் வளர்ப்பா?

வெங்காயத்தையும் மிஞ்சியது பாராசிட்டமால். உடம்பு சுடுகிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள். அதை முறித்து வெளியேற்றப் போதுமான நொதி பூனையின் கல்லீரலில் இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும். ஈறு வெளுப்பதற்கு முன்பே பழுப்பாகிவிடும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.