பிரிண்டரின் மூளை எந்தப் பெட்டியில்?

புது லேப்டாப் வாங்கியதும் வீட்டிலும் கடையிலும் எழும் முதல் கேள்வி, இருக்கிற பிரிண்டர் இதோடு ஓடுமா என்பதுதான். பிரிண்டர் எவ்வளவு பழசோ, அவ்வளவு சிக்கல் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது பல சமயம் நேர்மாறு. லாரி புக்கிங் ஆபீஸில் 1990களிலிருந்து கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விண்டோஸ் 11 லேப்டாப்பில் மாட்டி பில் எடுத்துவிடலாம். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வந்த மலிவு லேசர் பிரிண்டர்தான் மல்லுக்கு நிற்கும். காரணம், இரண்டுக்கும் மூளை வெவ்வேறு இடத்தில் இருக்கிறது.

டாட் மேட்ரிக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரு ஓரமும் கம்பிக் கொக்கி வைத்த, 36 முனைகள் கொண்ட அகலமான இணைப்பு ஒன்று இருக்கும். அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் தன் பிரிண்டரோடு கொண்டுவந்த ஏற்பாடு அது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, கணினிப் பக்கத்தில் 25 முனை போதும் என்று வைத்துக்கொண்டது. இதன் வழியே ஓர் எழுத்து கடந்துபோகும் விதம் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காதது. ஆங்கில 'ஏ' எழுத்துக்கு எண் 65. இரும எண்ணில் 01000001. இதைச் சுமக்க எட்டுக் கம்பிகள். இரண்டில் மட்டும் மின்னழுத்தம் ஏறியிருக்கும், மற்ற ஆறும் தாழ்ந்திருக்கும். அந்த நிலை உறுதியானதும் ஸ்ட்ரோப் என்ற இன்னொரு கம்பியில் மின்னழுத்தம் அரை மைக்ரோ நொடிக்குச் சட்டென விழுந்து எழும். 'எடுத்துக்கொள்' என்று பொருள். பிரிண்டர் உடனே பிஸி கம்பியை உயர்த்தி 'பொறு' என்கிறது. வாங்கி முடித்ததும் வேறொரு கம்பியில் ஒரு துடிப்பு கொடுத்து அடுத்த எழுத்தைக் கேட்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்த நிறுவனத்தின் ரகசியமும் இல்லை.

பிரிண்டருக்குள் சிறிய பிராசசர் ஒன்றும், எழுத்துருவங்களைப் பதித்து வைத்த நினைவகச் சில்லு ஒன்றும் உண்டு. 65 வந்தால் எந்த ஊசி எப்போது ரிப்பனைக் குத்த வேண்டும் என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். கட்டளைகளும் எண்களே. 27ஐ அடுத்து 69 வந்தால் தடித்த எழுத்து. 27, 70 வந்தால் தடிப்பை நிறுத்து. 27, 64 என்றால் முன்பு சொன்னதையெல்லாம் விட்டுவிட்டுத் தொடக்க நிலைக்குப் போ. எப்சன் நிறுவனம் 1980களில் பரவலாக்கிய இந்தக் கட்டளைத் தொகுப்பை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சென்னை டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசைக்கும் அது புரியும்.

அந்தச் சில்லில் பொதுவாகத் தமிழ் எழுத்துகள் இருக்காது. ஆனாலும் தமிழை அச்சிடலாம், படமாக. 27, 75, 5, 0 என்று அனுப்பினால் 'அடுத்து வரும் ஐந்து எண்களும் எழுத்தல்ல, புள்ளிப் பத்திகள்' என்று பிரிண்டர் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு எண்ணும் செங்குத்தான ஒரு பத்தி. அதன் எட்டு பிட்டுகளும் எட்டு ஊசிகளுக்கு; மேல் ஊசிக்கு 128, கீழ் ஊசிக்கு 1. இப்போது 255, 1, 1, 1, 1 என்று அனுப்பிப் பாருங்கள். முதல் பத்தியில் எட்டு ஊசியும் குத்தி நெடுங்கோடு விழும். பிறகு அடி ஊசி மட்டும் நான்கு முறை குத்தும். தாளில் 'ட' நிற்கும். இரண்டரை மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த எழுத்துக்கு வேண்டியது மொத்தம் ஒன்பது எண்கள்.

இப்படிப்பட்ட பிரிண்டரைப் புதுக் கணினியோடு சேர்க்கப் பெரும்பாலும் யுஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்று போதும். விண்டோஸில் வெறும் எழுத்தை மட்டும் அப்படியே தள்ளிவிடும் பொது டிரைவர் இன்றும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் கேபிள் உண்மையான பேரலல் போர்ட் அல்ல. தன்னை யுஎஸ்பி பிரிண்டராகவே கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பழைய டாஸ் பில்லிங் நிரல் போர்ட்டின் வன்பொருள் முகவரிக்கே நேராக எழுதப் பார்த்தால், அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

தொடக்க கால லேசர் பிரிண்டர்களுக்கும் சொந்த மூளை இருந்தது, அதுவும் பெரிய மூளை. எச்பி லேசர்ஜெட் 1984இல் வந்தது. 1985இல் ஆப்பிள் கொண்டுவந்த லேசர்ரைட்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் ஒன்றரை மெகாபைட் நினைவகமும் இருந்தன. அதோடு இணைந்த மேக்கின்டாஷ் கணினியைவிட அது வேகமானது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் 'இங்கிருந்து அங்கே ஒரு வளைகோடு' என்று சொன்னால், வளைவைக் கணக்கிட்டுப் புள்ளிகளாக்குவது பிரிண்டரின் பொறுப்பு. போஸ்ட்ஸ்கிரிப்ட்டோ எச்பியின் பிசிஎல் மொழியோ தெரிந்த பழைய லேசர்கள் இன்றும் புதுக் கணினிகளோடு ஒத்துப்போவது இதனால்தான்.

மூளைக்கு விலை உண்டு. 1990களில் வீட்டுக் கணினிகளின் வேகம் கூடியதும் தயாரிப்பாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலையைக் கணினியே செய்யட்டும், பிரிண்டர் சொன்ன இடத்தில் டோனரைப் படிய வைத்தால் போதும். விலை மளமளவென்று இறங்கியது. எச்பி லேசர்ஜெட் 1020 அந்த வகை. ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று பிரித்தால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள், அதாவது நான்கு மெகாபைட்டுக்கு மேல். அந்த பிரிண்டரின் நினைவகமோ 2 மெகாபைட். கணினிதான் பக்கத்தைச் சுருக்கி, தனக்கும் பிரிண்டருக்கும் மட்டும் தெரிந்த முறையில் கட்டி அனுப்ப வேண்டும். அந்த பிரிண்டருக்கு 65 என்றால் ஒன்றும் விளங்காது. தன்னை இயக்கும் அடிப்படை நிரலைக்கூட அது வைத்துக்கொள்வதில்லை. ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணும் கேனன் எல்பிபி 2900உம் தன் நிறுவனத்தின் தனி முறையையே பேசுகிறது.

ஆக, பாதி பிரிண்டர் மேசைமேல் இருக்கிறது, மீதிப் பாதி டிரைவர் என்ற நிரலாகக் கணினிக்குள் இருக்கிறது. அந்தப் பாதி ஒரு குறிப்பிட்ட விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. நிறுவனம் மறுபடி எழுதித் தராவிட்டால், டிரம்மும் ரோலரும் நன்றாக இருக்கிற இயந்திரம் காயலான் கடைக்குப் போகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இந்த ஆத்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதியதற்கும் அதையே செய்ய நினைத்தார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு அவரை விட்டு அகலவில்லை. 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்துக்கும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் வித்திட்ட சம்பவங்களில் அதுவும் ஒன்று.

கைவிடப்பட்ட பிரிண்டர்களை இன்று மீட்பதும் அந்த இயக்கத்தின் வழி வந்தவர்களே. எச்பி 1020 போன்றவற்றுக்கு ரிக் ரிச்சர்ட்சன் லினக்ஸ் டிரைவர் எழுதினார். இத்தகைய வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். வெற்றுத் தாளை அச்சிடச் சொல்லி, கேபிளில் ஓடும் பைட்டுகளைப் பிடித்து வைக்க வேண்டும். அடுத்து ஒரே ஒரு புள்ளி வைத்த தாள். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே மாறியது என்று தெரியும். புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி. இப்படியே அந்த முறை முழுதும் துலங்கும்வரை.

லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் கப்ஸ் என்ற நிரல் 1999இல் வெளிவந்தது. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கைக் கணினியில் அதையும் ரிச்சர்ட்சனின் டிரைவரையும் நிறுவி, 1020ஐ அதில் மாட்டிவிடலாம். ஸ்விட்சைப் போட்டதும் அடிப்படை நிரலை அந்தக் குட்டிக் கணினி ஊட்டிவிடும்; வைஃபையில் 1020ஐ, தனி டிரைவர் கேட்காத ஏர்பிரிண்ட் வகை பிரிண்டராக அறிவிக்கும்; வரும் பக்கங்களைப் புள்ளிகளாக்கிக் கொடுக்கும். மேசையில் இருக்கும் விண்டோஸின் வயதும் பிட்டும் அதன்பின் ஒரு பொருட்டே அல்ல.

புது பிரிண்டர்கள் மறுபடி தங்கள் மூளையோடு வருகின்றன. தங்களால் என்ன முடியும் என்பதை ஐபிபி என்ற பொது நெறிமுறையில் தாமே சொல்லிவிடுகின்றன. நிறுவனங்களின் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில் அறிவித்தது. பழைய பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்குமுன் மாடல் விவரத்தில் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட், ஏர்பிரிண்ட் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் என்றால் எப்சன் கட்டளைகள் புரியுமா என்று கேளுங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால், லினக்ஸில் அந்த மாடலுக்கு யாராவது டிரைவர் எழுதியிருக்கிறார்களா என்று தேடிய பிறகு பணத்தை எடுங்கள்.